கருத்துக் கேட்பு

"வீடியோவை எல்லாரும் பார்க்கிறாங்க டீச்சர். எழுந்து வரத்தான் ஆள் இல்லை" என்றான் ஜெபராஜ்.

செய்தி வீடியோ போடுகிறவன். நஸ்ரின் அவனுக்கு அந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவள்; அதனால்தான் டீச்சர். வயதில் சிறியவள். அவனை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள்.

ஊரின் தாழை ஏரியை மூடிக் குப்பைக் கிடங்கு கட்டப் போகிறார்கள். மறுநாள் கருத்துக் கேட்புக் கூட்டம். எதிர்ப்பு போதுமான அளவு பதிவாகாவிட்டால் ஏரி போய்விடும்.

"பார்க்கிறவங்ககிட்ட நாளைக்கு என்ன பேசணும்னு சொன்னீங்கண்ணே?"

"நானே பேசி வீடியோ போட்டுட்டேன். அதை அப்படியே வந்து சொன்னா போதும்."

"அப்படியேவா?"

"ஒரு வார்த்தை மாறாம."



"வருவாங்கண்ணே."

வந்தார்கள். மண்டபத்தில் நிற்க இடமில்லை. எல்லாம் இளவட்டங்கள். ஜெபராஜுக்குக் கண் கலங்கியது.

முதலில் ஒரு பெண் எழுந்தாள். ஏரிக்கரையில் வீடு.

"வணக்கம் மக்களே. தாளை ஏரியை மூடினா யாருக்கு லாபம்?"

"தாழை ஏரிம்மா" என்றார் அதிகாரி.

அவள் காதில் வாங்கவில்லை. ஜெபராஜ் வீடியோவில் வாய் தவறிச் சொன்ன பெயர் அது.

அடுத்தவன் எழுந்தான்.

"வணக்கம் மக்களே. தாளை ஏரியை மூடினா..."

அதே இடத்தில் மூச்சு. அதே இடத்தில் வலது கை உயர்ந்தது. அடுத்தவளும் அப்படியே. அதற்கடுத்தவனும்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

"எத்தனை வாய் சொன்னாலும் கருத்து ஒண்ணுதானே தம்பி. ஒண்ணுன்னே எழுதிக்கறேன்."

ஜெபராஜ் பதறி எழுந்தான்.

"நீங்க நினைக்கிறதைச் சொல்லுங்க!"

"நீங்க நினைக்கிறதைச் சொல்லுங்க!" என்றது மண்டபம்.

"டேய், விளையாடாதீங்கடா!"

"டேய், விளையாடாதீங்கடா!"

யாரும் சிரிக்கவில்லை. எல்லாக் கண்களும் அவன் உதட்டின் மேல் இருந்தன.

அவன் பக்கத்து நாற்காலியில் இருந்த நஸ்ரின் பக்கம் திரும்பினான்.

"டீச்சர், நான் இப்ப என்ன சொல்லட்டும்?"

"டீச்சர், நான் இப்ப என்ன சொல்லட்டும்?"

நஸ்ரின் தன் உதட்டில் விரலை வைத்தாள்.

அவன் வாயை மூடினான். மண்டபமும் மூடியது.

மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், புது இடத்தில் கண் விழித்தவர்கள் போல.

வெகுநேரம் கழித்து, கடைசி வரிசையில் ஒரு குரல் திக்கியது.

"எங்க வீட்டு எருமை... அந்தத் தண்ணியில மட்டும்தான் இறங்கும். ஏரியை மூடிட்டா, நான் அதை எங்க ஓட்டிட்டுப் போறது?"

அதிகாரி நிமிர்ந்து பார்த்துப் பேனாவை எடுத்தார்.

"உங்க பேரு?"