பலாக்கிளையை அறுத்த அணில்கள்

மலைக்காட்டுக் குளத்தின் கரையில் ஒரு பலாமரமும் ஒரு நாவல்மரமும் நின்றன. பலாமரத்தில் சந்தியாகு என்ற மலையணில் கூடு கட்டியிருந்தான். நாவல்மரத்தில் ஞானப்பூ என்ற மலையணில் இருந்தாள். இருவருக்கும் ஒத்துப்போகவே இல்லை.

பலாமரத்தின் நீண்ட கிளை ஒன்று நாவல்மரத்தின் கவட்டில் வந்து படுத்திருந்தது. அதில் காய்ப்பதெல்லாம் தனக்கே என்றான் சந்தியாகு. தன் வாசலை அடைத்துக்கொண்டு நிற்பதைத் தின்றால் என்ன தப்பு என்று கேட்டாள் ஞானப்பூ. விடிந்தால் போதும், சத்தம் தொடங்கிவிடும்.

அந்தக் காட்டில் கிறிஸ்துமஸ் விருந்துக்குத் தலைமை தாங்குவது கடமான். அவர் இந்த வருஷம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"சண்டையை வச்சுக்கிட்டு யாரும் விருந்துக்கு வரக்கூடாது."

மன்னிப்புக் கேட்க இருவருக்கும் மனமில்லை. சண்டைக்குக் காரணமான கிளையே இல்லாமல் போனால்? இரண்டு பேருக்கும் ஒரே யோசனைதான் வந்தது. மறுநாள் காலையில் அவன் இந்தப் பக்கமிருந்தும் அவள் அந்தப் பக்கமிருந்தும் கிளையின் நடுவில் வந்து உட்கார்ந்து கொறிக்க ஆரம்பித்தார்கள்.

முதலில் பேச்சே இல்லை. பிறகு பலாப்பால் அவள் மீசையில் ஒட்டிக்கொண்டது. இலையால் துடைத்தால் போகும் என்று அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னான். அடுத்த நாள் அவனுக்குப் பல் வலித்தது. அவள் ஏதோ பட்டையைக் கொண்டுவந்து கிளைமேல் வைத்துவிட்டுப் போனாள். அதன்பின் கொறிப்பது குறைந்தது, பேச்சு வளர்ந்தது. இருந்தும் யாரும் நிறுத்தவில்லை. முதலில் நிறுத்தியவர் தோற்றவர் ஆகிவிடுவாரே!

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மாலை, கிளை படீரென்று முறிந்தது.

அவள் விழுந்துவிடுவாள் என்று பயந்து அவன் அவள் பக்கம் தாவினான். அவன் விழுந்துவிடுவான் என்று பயந்து அவள் அவன் பக்கம் தாவினாள். கிளை குளத்தில் விழுந்தது. இப்போது நாவல்மரத்தில் சந்தியாகு, பலாமரத்தில் ஞானப்பூ. நடுவில் தாண்ட முடியாத வெளி.

நாவல்மரத்தை வேறு எந்த மரத்தின் கிளையும் தொடவில்லை; தரையில் இறங்கித்தான் வரவேண்டும். மலையணில்கள் தரையில் கால் வைப்பது அபூர்வம். போதாததற்குக் கீழே புதரில் ஒரு மலைப்பாம்பு கிடந்தது.

"நீ அங்கேயே இரு. நான் வரேன்" என்றான் சந்தியாகு.

"பாம்பு இருக்கு. உன் வீட்டை நான் பத்திரமா பாத்துக்கறேன். வராதே."

"வீட்டுக்காக யார் வரா?" என்று சொல்லிவிட்டு அவன் விறுவிறுவென்று இறங்கினான்.

பாதி வழியில் புதர் அசைந்தது. பாம்பின் தலை வெளியே நீண்டது. ஞானப்பூ யோசிக்கவில்லை. கைக்கெட்டிய பலாப்பிஞ்சுகளையெல்லாம் பறித்து அதன் மண்டையில் போட்டாள். ஒன்று தவறியது, மற்றவை தவறவில்லை. பாம்பு எரிச்சலோடு புதருக்குள் சுருண்டுகொண்டது. சந்தியாகு மரத்தில் ஏறி வந்து மூச்சிரைக்க அவள் அருகில் உட்கார்ந்தான்.

"உன் பிஞ்சையெல்லாம் வீணாக்கிட்டேன்" என்றாள் அவள்.

"மேலே இன்னும் கொஞ்சம் இருக்கு. அதையும் போட்டிருக்கலாம்."

அவள் சிரித்தாள். அவன் அப்போதுதான் கேட்டான், இந்த மரத்திலேயே இருந்துவிட முடியுமா என்று. வாசல் கிழக்கே பார்த்து இருக்கவேண்டும் என்றாள் அவள். கூட்டைப் பிரித்துக் கட்டுவதாக அவன் ஒப்புக்கொண்டான்.

விருந்துக்கு இருவரும் மரக்கிளைகள் வழியாகவே சுற்றிக்கொண்டு சேர்ந்து போனார்கள். சண்டை தீர்ந்ததா என்று கடமான் கேட்டார்.

"தீரலைங்க. இனிமே ஒரே வீட்டுக்குள்ள போட்டுக்குவோம்" என்றாள் ஞானப்பூ.

காடே சிரித்தது. கடமான் நகர்ந்து இருவருக்கும் பக்கத்தில் பக்கத்தில் இடம் கொடுத்தார்.

அடுத்த வீட்டாரை ஜெயிப்பதற்குக் காட்டும் பிடிவாதத்தை அவர்களை நேசிப்பதில் காட்டினால், பகையாளியும் உறவாகிவிடுவார்.