யானை குடித்த பானகம்

அந்தக் காலத்தில் மரத்துக்கும் மிருகத்துக்கும் வாய் இருந்தது; மனிதர்களோடு ஊர்வம்பு பேசிக்கொண்டிருக்கும். அப்போது எலுமிச்சை மரத்துக்கு ஒரு முள்கூடக் கிடையாது. வழுவழுவென்று நிற்கும். ஆனாலும் யாரும் அதன் பக்கம் போவதில்லை. ஒரு முறை கடித்தவர் மறுமுறை வந்ததில்லை.

மலையடிவாரத்தில் செம்பாயி என்று ஒருத்தி இருந்தாள். கால்வாயின் கடைக்கோடியில் அவளுக்கும் அவள் புருஷன் கோலப்பனுக்கும் ஒரு துண்டு நிலம். கேழ்வரகு நாற்று நட்டு நாலு நாள்தான் ஆகியிருந்தது. திடீரென்று கால்வாயில் தண்ணீர் நின்றுபோனது. மறுநாளும் வரவில்லை. நாற்றெல்லாம் தலை சாய்ந்துவிட்டது. இன்னும் ஒரு நாள் போனால் வருஷத்துச் சோறே போய்விடும் என்று பதறி, செம்பாயி கரையோடு மேலே நடந்தாள்.

உச்சி வெயிலில் மடைவாய்க்குப் போய்ச் சேர்ந்தபோது, ஒரு கொம்பன் யானை கால்வாயை அடைத்துக்கொண்டு படுத்திருந்தது.

“என்னண்ணே, இங்கேயா படுக்கிறது? கீழே என் நாத்து காயுது. கொஞ்சம் எழுந்திரிங்க.”

“முடிஞ்சா எழுந்திருக்க மாட்டேனா தாயி?” என்று யானை முனகியது. “பலாத்தோப்புல புகுந்துட்டேன். எத்தனை தின்னேன்னு கேக்காதே. வயித்துக்குள்ள பாறை கிடக்கிற மாதிரி இருக்கு. பச்சைத்தண்ணி குடிச்சாலும் குமட்டுது.”

செம்பாயி துதிக்கையைப் பிடித்து இழுத்தாள். வாலைப் பிடித்தும் இழுத்துப் பார்த்தாள். யானை அசையவில்லை. அலுத்துப்போய்க் கரையிலிருந்த எலுமிச்சை மரத்தடியில் உட்கார்ந்தாள். நாக்கு வறண்டு தலை சுற்றியது. மேலே மஞ்சள் மஞ்சளாகப் பழம் தொங்கியது.

“ஒண்ணு பறிச்சுக்கட்டுமா?”

“வேண்டாம்” என்றது மரம். “கடிக்கிறவங்க எல்லாம் மூஞ்சியைச் சுளிச்சுத் துப்புறாங்க. பாத்துப் பாத்து எனக்கு மனசே விட்டுப்போச்சு. துப்ப மாட்டேன்னு சொல்லு, எடுத்துக்கோ.”

“துப்ப மாட்டேன்.”

செம்பாயி பழத்தைக் கடித்தாள். கண்ணில் நீர் முட்டியது, காதுவரை கூசியது. சொன்ன சொல்லுக்காக விழுங்கிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் நாவில் ஈரம் ஊறியது. தலைசுற்றல் நின்றது. காலையில் தின்ற களி நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்ததே, அதுவும் ஏப்பமாகக் கிளம்பிப் போனது. அவள் யானையைத் திரும்பிப் பார்த்தாள். உடனே வீட்டைப் பார்த்து ஓடினாள்.

“யானைக்கு வைத்தியம் பாக்கப் போறியா?” என்றான் கோலப்பன். “அது தும்முனா நீ பக்கத்து ஊர்ல போய் விழுவே.”

“விழுந்தா வந்து தூக்கிக்கிட்டு வாங்க. இப்ப அண்டாவைத் தூக்குங்க.”

பொழுது சாய்வதற்குள் இருவரும் மடைவாய்க்கு வந்தார்கள். வெறும் புளிப்பை யானை விழுங்காது என்று செம்பாயிக்குத் தெரியும். அண்டாத் தண்ணீரில் வெல்லத்தைத் தட்டிக் கரைத்தாள். மரத்தைக் கேட்டுக் கூடை நிறையப் பழம் பறித்துப் பிழிந்தாள். இடித்த சுக்கும் ஏலக்காயும் போட்டு, கைப்பிடி உப்பும் சேர்த்துக் கலக்கினாள்.

யானை முகர்ந்து பார்த்தது. ஒரு வாய் குடித்தது. பிறகு நிறுத்தாமல் அண்டாவைக் காலி செய்தது. அப்புறம் ஒரு ஏப்பம் விட்டது பாருங்கள், மலையிலிருந்த கிளி அத்தனையும் பறந்தது. கோலப்பன் அண்டாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். யானை எழுந்து நின்றது. தேங்கியிருந்த தண்ணீர் தடதடவென்று கால்வாயில் பாய்ந்தது. விடியும்போது நாற்று நிமிர்ந்திருந்தது.

ஆனால் யானைக்கு எலுமிச்சை ருசி பிடித்துவிட்டது; வெறும் பழமும் இப்போது புளிக்கவில்லை. தினமும் வந்து கொத்தோடு இழுத்தது, கிளைகள் முறிந்தன. “உன்னால வந்த வினை” என்று எலுமிச்சை செம்பாயியிடம் அழுதது.

அவள் வேலமரத்திலிருந்து முள் ஒடித்து வந்து, கிளைக்குக் கிளை நாரால் கட்டினாள். மறுநாள் துதிக்கையை நீட்டிய யானை வெடுக்கென்று இழுத்துக்கொண்டது.

“இனிமே எனக்குக் கிடையாதா தாயி?”

“வயிறு வலிச்சா வாங்கண்ணே, நான் கலக்கித் தர்றேன். மரத்துல மட்டும் கை வைக்காதீங்க.”

மழைக்காலத்தில் நார் இற்று விழுந்தது. முள் விழவில்லை. மரம் அதைத் தன்னோடு சேர்த்து வைத்துக்கொண்டது.

எலுமிச்சைக்கு முள் வந்தது அன்று முதல்தான். வெயிலில் அலைந்து வந்தவருக்கும் விருந்தில் வயிறு முட்டத் தின்றவருக்கும் பானகம் கரைத்துக் கொடுக்கும் வழக்கமும் அப்போது வந்ததுதான். இன்றைக்கும் நம் விரல் முள்ளுக்கு நடுவே பதமாக நுழைந்து பழத்தோடு திரும்பிவிடுகிறது. யானைதான் தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போகிறது.