சருகுமான் வரைந்த சிறுத்தை

அன்று சுனைக்கரையில் கூடியிருந்தவர்கள்: புள்ளிமான்கள் மூன்று, அவற்றின் குட்டிகள் இரண்டு, முயல்கள் இரண்டு, அவற்றின் குட்டிகள் நான்கு, மயில் ஒன்று, அண்டங்காக்கை ஒன்று, சருகுமான் ஒன்று. ஆக மொத்தம் பதினான்கு பேர்.

சருகுமானின் பெயர் தும்பை. முயலைவிடக் கொஞ்சம்தான் பெரியவள். இலை விழுந்தாலே நாலு காலும் நடுங்கும். அப்படிப்பட்டவள் அன்று எல்லோருக்கும் முன்னால் நின்றாள். அவளுக்குப் பின்னால் பாறை. பாறையில் அவள் வரைந்த சிறுத்தை. அதைத் தேக்கிலைகளால் மூடி வைத்திருந்தாள்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. கோடையில் மற்ற குட்டைகள் வற்றிப்போனால் எல்லோரும் இந்தச் சுனைக்குத்தான் வர வேண்டும். சிறுத்தையும் இங்கேதான் வரும். அதனால் அந்த வருடம் பிறந்த குட்டிகளுக்கு முதலில் பாறையில் சிறுத்தையின் படத்தைக் காட்டுவார்கள். “இதைக் கண்டால் ஓடு” என்பார்கள். அதற்குப் பிறகே தண்ணீர் குடிக்க விடுவார்கள். மழையில் படம் கரைந்துவிடும். மறு கோடையில் புதிதாக வரைவார்கள்.

சிறுத்தையை நேரில் பார்த்து உயிரோடு திரும்பியவர்தான் வரைய வேண்டும். ஆனால் பல வருடமாக அப்படி யாரும் திரும்பவில்லை. ஆகவே மயில் வரைந்துவந்தது. மயில் சிறுத்தையைப் பார்த்ததே இல்லை. அண்டங்காக்கை பக்கத்துக் கிளையில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, அது வரையும். மஞ்சள் உடம்பு, கறுப்புப் புள்ளிகள், வளைந்த வால். பார்க்க அவ்வளவு லட்சணம். குட்டிகள் அதை நக்கிப் பார்த்துவிட்டு விளையாடிக்கொண்டே தண்ணீருக்குப் போகும். போன கோடையில் அப்படிப் போனவற்றில் ஐந்து திரும்பவில்லை.

இந்த வருடம் மாசியில் தும்பையின் அக்காவைச் சிறுத்தை தூக்கிக்கொண்டு போனது. ஒரு வேருக்கு அடியில் ஒட்டிக்கொண்டு கிடந்த தும்பை பிழைத்தாள்.

“அப்போ இந்தத் தடவை நீதான் வரையணும்” என்று மூத்த மான் சொல்லிவிட்டது.

தும்பை ஆலங்குச்சி ஒன்றை எடுத்தாள். நுனியைக் கடித்து நார்நாராக்கினாள். காட்டுமஞ்சள் கிழங்கை மென்று சாறு எடுத்தாள். கரியைக் குழைத்தாள். மயில் வரைவதைப் போலவே ஒரு சிறுத்தையை வரைந்தாள்.

மயில் வந்து பார்த்தது. “பரவாயில்லையே. என் கைப்பாங்கு அப்படியே இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனது.

தும்பைக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. படத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு சுனையில் குனிந்தாள். தண்ணீர் சுகமாக உள்ளே இறங்கியது. அவளுக்குத் திக்கென்றது. முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீர் குடிக்க முடிகிறது என்றால், இது சிறுத்தை இல்லையே!

ஈரப்பாசியால் தேய்த்து அழித்தாள்.

மறுபடியும் வரைந்தாள். இந்தத் தடவை நீளமான பற்கள், கொக்கி போன்ற நகங்கள், வாயெல்லாம் ரத்தம். மறுபடியும் முதுகைத் திருப்பி நின்று குனிந்தாள். அப்போதும் குடிக்க முடிந்தது. ‘இது யாரோ குட்டிகளை மிரட்டச் சொன்ன கதை. நான் பார்த்தது இது இல்லை’ என்று அதையும் அழித்தாள்.

அப்படியானால் அவள் பார்த்ததுதான் என்ன? அது அவளுக்கே தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ள ஒரே இடம்தான் இருந்தது. மாசிக்குப் பிறகு அந்தப் பக்கம் அவள் போனதே இல்லை. இருந்தும் போனாள். அதே வேருக்கு அடியில் போய்ப் படுத்துக் கண்ணை மூடினாள்.

எல்லாம் திரும்பி வந்தது. காற்றில் புல்லெல்லாம் அசைந்தது. ஓர் இடத்தில் மட்டும் அசையவில்லை. பூச்சிகளின் சத்தம் நின்றது. பிறகு இரண்டு கண்கள். ஒன்று பெரியது, ஒன்று சிறியது. அக்காவின் குரல் பாதியில் அறுந்தது. மஞ்சளும் இல்லை, புள்ளியும் இல்லை. அந்த நேரத்தில் உலகமே நாவல்பழம் கசக்கிய நிறத்தில் இருந்தது.

தும்பை எழுந்து ஓடிவந்தாள். நாவல்பழச் சாற்றில் குச்சியைத் தோய்த்தாள். தாடை நடுங்கியது. வாயிலிருந்த குச்சியும் நடுங்கியது. முன்பெல்லாம் தலையைப் பாறையில் முட்டுக்கொடுத்து நடுக்கத்தை நிறுத்துவாள். இப்போது நடுங்கட்டும் என்று விட்டுவிட்டாள். புல்லின் கோடுகளெல்லாம் கிடுகிடுவென்று விழுந்தன. நடுவில் ஒரு திட்டுப் புல் மட்டும் அசையாமல் நின்றது; அதற்குள் அந்த இரண்டு கண்கள். முடித்ததும் முதுகைத் திருப்பி நின்றாள். தலையைக் குனிய முடியவில்லை.

அந்தப் படத்தைத்தான் இப்போது தேக்கிலைகளை விலக்கிக் காட்டினாள்.

முயல்குட்டிகள் நான்கும் கத்திக்கொண்டு தாயின் வயிற்றுக்கு அடியில் நுழைந்தன. மான்குட்டிகள் இரண்டும் விறைத்து நின்றன.

“ஏம்மா தும்பை, சிறுத்தையை எங்கே?” என்றது மயில். “கால் இல்லை, வால் இல்லை. ஊதா நிறத்தில் சிறுத்தை உண்டா? பாறையில் பழத்தைப் போட்டு மிதிச்ச மாதிரி இருக்கு.”

ஆண்முயல் சிரித்தது. “கண்ணாவது ஒரே அளவில் போட்டிருக்கக் கூடாதா?”

“குட்டிகள் அழுதுங்க, பாரு” என்றது மூத்த மான். “இதைப் பார்த்தா எதுவும் தண்ணிக்கே வராது.”

தும்பை குட்டிகளைப் பார்த்தாள். ஐந்து குட்டிகள் திரும்பாமல் போனது நினைவுக்கு வந்தது. படத்தை அழித்துவிட்டால் இந்த ஆறும் அப்படியே போகும். அழிக்காவிட்டால் தாகத்தால் சாகுமோ?

அண்டங்காக்கை கிளையிலிருந்து இறங்கிவந்தது. “பாவம், சின்னப் பெண். பயத்தில் எதையோ கிறுக்கிவிட்டாள். நான் சொல்கிறேன், மயிலண்ணன் திருத்தட்டும். அதுவரை யாரும் நகர வேண்டாம். எல்லோரும் உட்காருங்கள்.” பிறகு வடக்குப் பக்கம் திரும்பி உரக்க மூன்று முறை கரைந்தது. தொண்டையைச் சரிசெய்கிறது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

“இடது தோளில் பதினொரு புள்ளி. வாலில் ஏழு வளையம். வலது காதில் ஒரு சின்னக் கிழிசல். எழுதிக்கொள்ளுங்கள் அண்ணே.”

மயில் குச்சியை எடுத்தது. தும்பை காக்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓரடி முன்னால் வைத்தாள். பிறகு கேட்டாள்.

“காக்கையாரே, புள்ளியை எப்போ எண்ணினீங்க?”

“எப்போதோ. அதனால் என்ன?”

“நான் பார்த்தப்போ எனக்கு ஒரு புள்ளிகூடத் தெரியலை. உயிரைப் பிடிச்சுக்கிட்டு இருக்கிறவங்களுக்கு எண்ண நேரம் ஏது? அது வயிறு நிறைஞ்சு படுத்திருந்தாத்தான் பக்கத்தில் நின்று எண்ண முடியும். அப்போ அங்கே நீங்க என்ன தின்னுக்கிட்டு இருந்தீங்க?”

மூத்த மான் மெதுவாகக் காக்கையின் பக்கம் தலையைத் திருப்பியது. காக்கை அலகைக் கல்லில் தீட்டியது.

அப்போது கடைசி முயல்குட்டி தாயின் வயிற்றுக்கு அடியிலிருந்து எட்டிப்பார்த்தது. முதலில் பாறையைப் பார்த்தது. பிறகு வடக்குப் பக்கம் பார்த்தது.

“அம்மா, படத்தில் இருக்கிற மாதிரியே அங்கேயும் கொஞ்சம் புல் அசையலை.”

பூச்சிகளின் சத்தம் நின்றிருந்தது.

“ஓடுங்க!” என்றாள் தும்பை.

குட்டிகள்தான் முதலில் ஓடின. அவற்றைத் துரத்திக்கொண்டு பெரியவர்கள் ஓடினார்கள். தும்பை பாறை இடுக்கில் பாய்ந்தாள். மயில் மட்டும் கழுத்தை நீட்டி நின்றது.

“எங்கே? மஞ்சளா ஒண்ணுமே காணோமே” என்றது.

அதற்குமேல் அது பேசவில்லை.

தும்பை இடுக்குக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தாள். தோகை தரையில் இழுபடும் சத்தம் வெகுதூரம் கேட்டது. அதற்குப் பின்னால் காக்கை அவசரமே இல்லாமல் பறந்து போயிற்று.

மறுநாள் வெயில் ஏறியதும் ஒவ்வொருவராகச் சுனைக்கு வந்தார்கள். யாரும் படத்தை அழிக்கச் சொல்லவில்லை. குட்டிகள் அதை ஒருமுறை பார்த்தன. பிறகு புல்லைப் பார்த்தன. புல்லெல்லாம் அசைந்துகொண்டிருந்தது. சீக்கிரமாகக் குடித்துவிட்டுத் திரும்பின. தும்பை கடைசியாக நின்று எண்ணினாள்.

அடுத்தவர் கண்ணை இரவல் வாங்கி வரைவது எவ்வளவு அழகாக இருந்தாலும் ஆபத்துக்கு உதவாது. தான் பட்டதைத் தன் நடுக்கத்தோடு சொல்வதே தன்னையும் காக்கும், பிறரையும் காக்கும்.

மீதி பன்னிரண்டு பேர்.