தூண்டில் சிப்பாய்

குமரேசன் வெள்ளைக் காய்களோடு உட்கார்ந்தால், யாரும் ஆடாத ஒன்றைத்தான் முதலில் ஆடுவான். ராஜா பக்கத்துக் குதிரைக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளிவிடுவான். செஸ் ஆடுகிறவர்கள் இதை 'ஜி நாலு' என்பார்கள். தன் ராஜாவின் வீட்டுக் கதவைத் தானே கழற்றி வைக்கிற வேலை. விவரம் தெரிந்தவர்கள் கிட்டவே போகமாட்டார்கள்.

தள்ளிவிட்டு, சாய்ந்து உட்கார்ந்து எதிராளியின் முகத்தைப் பார்ப்பான். சிலர் புருவத்தைத் தூக்குவார்கள். சிலர் இளக்காரமாகச் சிரிப்பார்கள். தனியாக நிற்கும் அந்தச் சிப்பாயை எரிச்சலில் வெட்டுவார்கள், வெட்டியவர்கள் மாட்டுவார்கள். அது தூண்டில். முகம் மாறுகிற நொடியிலேயே குமரேசனுக்குப் பாதி ஜெயித்த மாதிரி இருக்கும்.

மாவட்ட அணிக்கான தேர்வுப் போட்டியில் கடைசிச் சுற்றுவரை இப்படித்தான் வந்து சேர்ந்திருந்தான். அந்தச் சுற்றை டிரா செய்தாலே அணியில் இடம். முப்பத்தெட்டு வயதுக்குள் அவன் வேறு எதற்கும் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

கடைசிச் சுற்றில் எதிரே ஆசீர்வாதம். பார்வை இல்லாதவர். அவரோடு ஆடுகிறவர் ஒவ்வொரு நகர்த்தலையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவர் அதைத் திருப்பிச் சொல்லி, துளை போட்ட தன் பலகையில் காயைக் குத்தி, விரலால் தடவிப் பார்த்து ஆடுவார்.

போட்டி நடந்த கல்யாண மண்டபத்துக்கு வெளியே, டீக்கடையில் குமரேசன் சுகிர்தாவைப் பிடித்தான். அவனுக்குச் செஸ் சொல்லித் தருகிறவள். அவனைவிட எட்டு வயது இளையவள்; என்றாலும் அவனுக்கு அவள் டீச்சர்தான்.

"டீச்சர், இன்னைக்கும் அதே நகர்த்தலா?"

"அதைச் சொல்லுங்க."

அவன் கை காற்றில் சிப்பாயைத் தள்ளியது.

"கையைக் கீழ போட்டுட்டுச் சொல்லுங்க."

"ஜி நாலு."

"கேக்கல."

"ஜி நாலு?"

"என்கிட்டயா கேக்கிறீங்க?"

மறுபடி கத்தியே சொன்னான். டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஆடட்டுமா, வேண்டாமா? அதைச் சொல்லுங்க டீச்சர்."

சுகிர்தா மிச்ச டீயைக் குடித்துவிட்டு டம்ளரை வைத்தாள். உள்ளே மணி அடித்தது.

கடிகாரம் ஓடத் தொடங்கியது. குமரேசனின் கை பலகைக்கு மேலே நின்றது. ராஜாவுக்கு முன்னால் இருந்த, எல்லோரும் முதலில் தள்ளுகிற சிப்பாய் பக்கம் போனது, திரும்பி வந்தது. எதிரே ஆசீர்வாதம் தலையைச் சாய்த்துக் காத்திருந்தார்.

"ஜி நாலு" என்றான்.

"ஜி நாலு" என்றார் ஆசீர்வாதம், காய்கறிக்காரரிடம் விலையைத் திருப்பிச் சொல்கிற மாதிரி. காயைக் குத்தினார்.

குமரேசன் அவர் முகத்தைப் பார்த்தான். அதில் ஒன்றும் இல்லை. புருவம் அசையவில்லை, உதடு கோணவில்லை. இன்னும் கொஞ்சம் பார்த்தான். பயம் வந்தது.

ஆசீர்வாதம் தூண்டிலைத் தொடவே இல்லை. நடுப்பலகையில் தன் சிப்பாய்களை ஒவ்வொன்றாக நிறுத்தினார். குமரேசன் குனிந்தான். ராஜாவுக்குப் பக்கத்தில் அவனே திறந்துவிட்ட ஓட்டை பெரிதாகத் தெரிந்தது. அதை எப்படிக் காப்பது? இத்தனை நாளில் யோசித்ததே இல்லை.

யோசித்தான். காதோரம் வியர்த்து வழிந்தது. ஒரு யானையை உள்ளே இழுத்து ஓட்டையை அடைத்தான். குதிரையைச் சுற்றி அனுப்பி, அந்தத் தூண்டில் சிப்பாயையே மேலே தள்ளித் தாக்கினான். ஆசீர்வாதத்தின் விரல்கள் பலகையில் வெகுநேரம் அலைந்தன. சுற்றிலும் மற்ற மேசைகள் காலியாகிவிட்டன. ஆட்டம் சமமாகத்தான் நின்றது. கடைசி நிமிடத்தில் குமரேசன் ராஜாவைத் தவறான கட்டத்தில் வைத்தான். அதைச் சொல்லி முடிக்கும்போதே தெரிந்துவிட்டது.

அவன் தோல்வியை ஒப்புக்கொண்டு கை நீட்டி, எதிராளியின் விரலைத் தொட்டான்.

"நடுவுல என்னைத் திணறடிச்சிட்டீங்க சார்" என்றார் ஆசீர்வாதம்.

அணியில் இடம் போனது. வெளியே வந்த குமரேசன் நேராகச் சுகிர்தாவிடம் போனான்.

"எல்லாம் அந்தப் பாழாப்போன நகர்த்தலால டீச்சர். இனிமே அதைத் தொடவே மாட்டேன்."

"அவர் முகத்தைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். ஒண்ணுமே தெரியல."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, வேற வழியில்லாம பலகையைப் பார்த்தேன்."

சுகிர்தா அவனோடு கொஞ்ச தூரம் நடந்தாள்.

"ஏழு வருஷமா ஆடுறேன் டீச்சர் அதை. இப்படிக் கவுத்திருச்சே."

"இல்ல. இன்னைக்குத்தான் ஆடினீங்க" என்றாள் சுகிர்தா. "முதல் தடவை ஆடுறவங்க தோக்கிறது சகஜம்."