நாச்சி திரும்பிப் பாக்கல

ஒரு ஊர்ல ஒரு சின்னப் பொண்ணு இருந்தா, பேரு நாச்சி. எட்டு வயசு, வாய் மட்டும் எண்பது வயசு. ம்... கேக்குறியா? அந்த ஊருக்குக் கீழ அணை கட்டிட்டாங்க. மழை வந்தா ஊரே தண்ணிக்குள்ள போயிடும், எல்லாரும் கிளம்புங்கன்னு சொல்லிட்டாங்க. ஆளுங்க வண்டியேறிடலாம், சாமி எப்படி வரும்? கோயில்ல ஒரு பிடி மண்ணு எடுத்து, மஞ்சத்துணியில முடிஞ்சு கொண்டுபோயி புது ஊர்ல வெச்சாத்தான் ஊருசாமி கரையடியம்மா அங்க வருவா. அத வயசுக்கு வராத பொண்ணுதான் எடுத்துட்டுப் போகணும். அப்போ பூசாரி அந்த முடிச்ச நாச்சி கையில குடுத்து, "வழியில திரும்பிப் பாத்துடாத தாயி, நீ பாத்தா ஆத்தா இங்கயே நின்னுடுவா"ன்னாரு.

அப்புறம் வண்டி கடகடன்னு கிளம்புச்சு. பின்னாடியே அவ வளத்த நாய் லொள்லொள்ளுன்னு ஓடி வருது. எடமில்ல, ஏத்தமாட்டோம்னுட்டாங்க. குரைச்சுக் குரைச்சு அதுக்குத் தொண்டை கட்டிப்போச்சு. நாச்சி அந்த முடிச்ச நெஞ்சோட அணைச்சுக்கிட்டா, திரும்பல.

அப்புறம் பாதை பிரியுற எடம். கூட்டாளி பொன்னுத்தாயி வீட்டு வண்டி மலைப்பக்கம் போகுது, இனிமே எங்க பாக்குறது? "நாச்சி, ஒருக்கா இங்க பாருடி"ன்னு கூப்பிட்டுக்கிட்டே போறா அவ. நாச்சி உதட்டக் கடிச்சுக்கிட்டா. அதுக்கும் திரும்பல. ம்... முழிச்சிருக்கியா தங்கம்?

அப்புறம் மேட்டுல ஏறுனப்போ மடமடமடன்னு ஒரு சத்தம். ஊர்ல வீடுங்கள இடிக்க ஆரம்பிச்சுட்டாங்க. வண்டியில இருந்த பொம்பளைங்க எல்லாம் திரும்பிப் பாத்து ஓன்னு அழுதாங்க, அவ அம்மாவும் அழுதா. அந்தப் புள்ளைக்கு எப்படி இருந்திருக்கும்? ஆனா அவ மாட்டோட கொம்பையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா.

பொழுது சாயுறப்போ புது ஊரு வந்துச்சு. ஊருன்னா என்ன, வெறும் பொட்டக்காடு. குழிதோண்டி அந்த மண்ணப் போட்டு, பூசாரி டங்கு டங்குன்னு மணி அடிச்சாரு. நாச்சி கை காலியாச்சு. அப்போ அப்பா கிட்டப் போயி மெதுவாக் கேட்டா, "இப்பப் பாக்கலாமாப்பா?"

"பாரு கண்ணு"ன்னாரு அவரு.

திரும்புனா. ரோடும் செம்மண் புழுதியும்தான் இருந்துச்சு. ஊரு மலைக்குப் பின்னாடி போயி எவ்வளவோ நேரமாச்சு.

நாச்சி தேம்பித் தேம்பி அழுதா. சுத்தி நின்னவங்க, ஆத்தா புள்ளமேல எறங்கிட்டான்னு நெனச்சு அவ கால்ல விழுந்து கும்பிட்டாங்க. அவ அப்பா மட்டும் அவளத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டாரு.

அவ்வளவுதான் கதை. நாச்சியும் அழுது தூங்கிட்டா, நீயும் கண்ண மூடு.