வாடைக் காளை தறி அறுத்தது

முன்னொரு காலத்தில், காற்றுக்குக் கொம்பு இருந்த காலத்தில், செங்குன்ற நாடு என்று ஒரு நாடு இருந்தது. அங்கே மார்கழி வந்தால் புல்மேல் பனி விழும், வெயில் ஏறினால் போய்விடும். அதற்கு மேல் அந்த ஜனங்களுக்குக் குளிர் தெரியாது. தோளில் ஒரு கம்பளி இருந்தால் போதும்.

அந்த நாட்டில் சிலம்பாயி என்று ஒருத்தி, அவள் புருஷன் கருத்தையன். இருவரும் அறுபது செம்மறிகளை மேய்த்துப் பிழைத்தார்கள்.

ஒரு வருஷம் மார்கழியில் என்ன நடந்தது, கேளுங்கள். மூன்று நாள் வடக்கேயிருந்து வாடைக்காற்று அடித்தது. முதல் நாள் குளத்துத் தண்ணீர் கல்லாகிப் போனது. இரண்டாம் நாள் மரத்துக் காக்கைகள் பழம் உதிர்வது போல உதிர்ந்தன. மூன்றாம் நாள் காலையில் சிலம்பாயி கஞ்சி எடுத்துக்கொண்டு பட்டிக்குப் போனாள். ஆடுகள் எல்லாம் நின்றபடியே விறைத்திருந்தன. நடுவில் கருத்தையன் உட்கார்ந்திருந்தான். தன் கம்பளியைக் கழற்றி இரண்டு குட்டிகளைப் போர்த்தி மடியில் வைத்திருந்தான். குட்டிகளுக்கு உயிர் இருந்தது. அவனுக்கு இல்லை.

சிலம்பாயிக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. காளியம்மன் கோவிலில் கொடுத்த தீச்சட்டியைப் போல அதை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டாள். புருஷனை அடக்கம் செய்தாள், குட்டிகளைப் பக்கத்து வீட்டில் விட்டாள், ஆடு மேய்க்கும் கம்பை எடுத்துக்கொண்டு அரண்மனைக்கு நடந்தாள்.

அந்த நாட்டு ராஜா சுகவர்மன் குளுமைப் பைத்தியம். அவனுக்கு வியர்க்கவே கூடாது. அதற்காகக் கண்டோதரன் என்ற மந்திரவாதியை வைத்திருந்தான். கண்டோதரனிடம் ஒரு செப்புக் குடம், அவன் உயிரே அதில்தான் இருந்தது. அதன் வாயை வடக்கே திருப்பி மந்திரம் சொன்னால், உலகத்தின் வடகோடியில் கடல்மேல் பரவிக் கிடக்கும் பனிப்பாறை துண்டு துண்டாகக் குடத்துக்குள் வந்து விழும். கோடை முழுக்க ராஜாவின் கல்மண்டபத்தில் பனிச்சுவர், பனித்தூண், பனிப்படுக்கை. பத்து வருஷமாக அள்ளினார்கள். குடமும் நிறையவில்லை, ராஜாவின் மனசும் நிறையவில்லை.

சிலம்பாயி முதல் நாள் போய், இந்தக் குளிர் ஏன் வந்தது என்று கேட்டாள். கிரகம் சரியில்லை என்று மந்திரி சொல்லி அனுப்பினார். இரண்டாம் நாள் போய்க் கேட்டாள். உங்கள் ஊரார் சாமிக்குக் குறை வைத்துவிட்டார்கள் என்றார். மூன்றாம் நாள் போனபோது சபையில் கண்டோதரனே இருந்தான்.

"ராசா, உங்க மந்திரவாதி வடகடல் பனியை அள்றாரு. அதே வடக்கேருந்துதான் எம் புருஷனைக் கொன்ன காத்து வந்துச்சு. ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டாள்.

கண்டோதரன் தொப்பை குலுங்கச் சிரித்தான். "பனியை அள்ளினால் குளிர் குறையணும். உனக்கு அதிகமாயிருக்கு என்கிறாய். அப்படியானால் நான் இன்னும் கொஞ்சம் அள்ளணும் போலிருக்கே."

ராஜா சிரித்தான். ராஜா சிரித்ததால் சபையும் சிரித்தது. சிலம்பாயிக்குப் பதில் தெரியவில்லை. பதில் தெரியாததுதான் அவளை இன்னும் எரித்தது. சிரித்து முடியுங்கள், பதிலோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். காற்று எந்தப் பக்கமிருந்து முகத்தில் அறைந்ததோ அந்தப் பக்கமாக நடந்தாள்.

நடந்தாள், நடந்தாள், மூன்று நாடு தாண்டி நடந்தாள். முதல் நாட்டில் மாம்பூவெல்லாம் கருகிக் கிடந்தது. இரண்டாம் நாட்டில் கிணறு உறைந்து, ஜனங்கள் கோடாலியால் தண்ணீர் வெட்டினார்கள். மூன்றாம் நாடு வடகோடிக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கே கடுங்குளிரை எதிர்பார்த்துப் போனாள். அங்கே இருந்தவர்களோ தோலாடையைக் கழற்றிவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். இந்த வருஷம் எங்களுக்குக் குளிர்காலமே வரவில்லை, வழி தவறி எங்கேயோ போய்விட்டது என்றார்கள்.

சிலம்பாயி கம்பை ஊன்றி நின்றாள். எங்கே போனது என்று அவளுக்குத் தெரியும்.

வடகோடிக்குப் போனால், கடல் பாதி வெள்ளையாகவும் பாதி கறுப்பாகவும் கிடந்தது. கரையில் மலை மாதிரி ஒரு வெள்ளைக் காளை. அதுதான் வாடை. மூச்சு விட்டால் கல் வெடிக்கும். சிலம்பாயி நேரே போய்க் கம்பால் அதன் முகத்தில் ஓங்கி அடித்தாள். ஒன்று, எம் புருஷனுக்கு. இரண்டு, என் ஆடுகளுக்கு. மூன்று, அவர்கள் சிரித்த சிரிப்புக்கு.

காளை நகரவில்லை. "இன்னும் அடி, தாயி. எனக்கும் வீட்டில் இருக்கத்தான் ஆசை" என்றது.

பிறகு காளை தன் கதையைச் சொன்னது. இந்த வெள்ளைக் கடல்தான் அதன் களம். களத்து மேட்டில் மாடு நடுவில் நட்ட தறிக்கட்டையைச் சுற்றிப் போரடிக்குமே, அப்படி ஆதிநாள் முதல் அது பனியைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. பனி கெட்டியாக இருக்கும்வரை அதில் ஊன்றிய தறி அசையாது, கயிறு இறுக்கமாக இருக்கும், குளிரும் இங்கேயே கிடக்கும். கண்டோதரன் பனியை அள்ளிய இடமெல்லாம் கறுத்த தண்ணீர் திறந்துகொண்டது. கறுத்த தண்ணீர் கோடையெல்லாம் வெயிலைக் குடிக்கும். குளிர்காலத்தில் அந்தச் சூட்டைக் கக்கும். காளையின் குளம்பு சுடும், கயிறு தொய்யும், தறி ஆடும்.

"எல்லா வருஷமும் அறுத்துக்கொண்டு வருவேன் என்று சொல்ல மாட்டேன். என்னை விரட்ட வேறு காற்றுகளும் உண்டு. ஆனால் தறி ஆடுகிற வருஷத்தில் என் கால் என் பேச்சைக் கேட்காது" என்றது காளை.

குடத்தை உடைக்க வழி உண்டா என்று கேட்டாள். அள்ளியவனால் உடைக்க முடியாது, பனியைக் கேட்ட வாயே மூன்று தடவை வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்றது. சிலம்பாயி அதன் திமிலைப் பிடித்து ஏறி உட்கார்ந்தாள்.

நண்பகலில் காளை சபைக்குள் நுழைந்தது. ஒரு மூச்சு விட்டது, விளக்கெல்லாம் எண்ணெய் கட்டியாகி அணைந்தன. இரண்டாம் மூச்சு விட்டது, ராஜாவின் மீசை ஒடிந்து மடியில் விழுந்தது. மூன்றாம் மூச்சை விட விடாமல் சிலம்பாயி அதன் மூக்கைப் பொத்திக்கொண்டாள். வடகடலில் பார்த்ததை ஒன்று விடாமல் சொன்னாள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. கண்டோதரன் மந்திரம் சொல்லிப் பார்த்தான். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அள்ளுகிற மந்திரம். திருப்பிக் கொடுக்கிற மந்திரத்தை அவன் படிக்கவே இல்லை.

ராஜா பல் தந்தியடிக்க, இந்தக் கோடைக்குப் பனி வேண்டாம் என்றான். குடத்தில் ஒரு கீறல் விழுந்தது. அடுத்த கோடைக்கும் வேண்டாம் என்றான். இன்னொரு கீறல். மூன்றாவதாக, இனி என்றைக்குமே வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அங்கே ராஜாவின் வாய் மூடிக்கொண்டது. கண்டோதரன் அவன் காதருகே குனிந்து, இந்தக் குளிர் நாளைக்குப் போய்விடும், கோடை வந்தால் வியர்க்குமே என்று முணுமுணுத்தான்.

அதுவரை 'நீங்க' என்று பேசிய சிலம்பாயி இப்போது மரியாதையைக் கீழே போட்டாள்.

"எம் புருஷனுக்கும் குளிரத்தான் செஞ்சுது. இருந்தது ஒரே கம்பளி. அதையும் கழட்டி ரெண்டு குட்டிக்குப் போர்த்தினான். அவன் ஆடு மேய்க்கிறவன். நீ நாட்டையே மேய்க்கிறவன், வேர்க்கும்னு பயப்படுறே. சொல்றியா, இல்ல மூக்குலேருந்து கையை எடுக்கவா?"

ராஜா அவளைப் பார்த்தான். பயந்தானா, வெட்கப்பட்டானா, அவனுக்கே தெரியாது. "இனி என்றைக்குமே வேண்டாம்" என்றான்.

குடம் சுக்குநூறாக உடைந்தது. உள்ளே இருந்த பனியெல்லாம் வெண்மேகமாக எழும்பி வடக்கே பறந்தது. கண்டோதரனின் உயிர் குடத்தில் இருந்ததால் அவன் நின்ற இடத்தில் ஈரம் மட்டும் மிஞ்சியது.

ராஜா சிலம்பாயிக்குப் பொன் கொடுக்க வந்தான். அவள் தொடவில்லை. அரண்மனை மந்தையில் இருந்த மூவாயிரம் ஆட்டையும், ஆடு செத்த வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கச் சொன்னாள். கொடுத்தான். காளை புறப்படும்போது ஒன்று சொல்லிப் போனது. பனி ஒரு நாளில் அள்ளப்படவில்லை, ஒரு நாளில் உறையவும் செய்யாது. அதுவரை சில மார்கழியில் அது கால் தவறி வரலாம். உடனே சிலம்பாயி ராஜாவின் பனிமண்டபத்தை இடிக்கச் சொன்னாள். அந்தக் கல்லைக் கொண்டு ஊர்தோறும் ஆட்டுக்கும் ஆளுக்கும் குளிர் புகாத கொட்டகை கட்டினார்கள்.

அடுத்த சித்திரையில் கணக்கில்லாத வெயில் அடித்தது. கொட்டகைக்கு ஓலை கேட்கச் சபைக்குப் போனாள் சிலம்பாயி. சுகவர்மன் சிம்மாசனத்தில் பனைவிசிறியை வீசிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பட்டு நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. அவன் பரிதாபமாகச் சொன்னான், "வேர்க்குது, சிலம்பாயி."

"வேர்க்கட்டும்" என்று சொல்லிவிட்டு, ஓலைக்கட்டைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு அவள் போனாள்.

ஏழு வருஷத்தில் வடகடல் வெள்ளையானது, காளையும் களம் சேர்ந்தது. அவர்கள் ஆட்டுமந்தை பெருகி வாழ்ந்தார்கள், நாம் கதை கேட்டு வாழ்வோம்.