இருவாச்சி அலகுக்கு மஞ்சள் வந்த கதை

அந்தக் காலத்தில் காட்டில் மரத்துக்கு மரம் பேச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். குரங்கு பேசும், ஆந்தை பேசும், அட்டைகூட ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் காலில் ஒட்டும். அப்படிப்பட்ட ஒரு மலைக்காட்டில், அத்தி மரத்தின் உச்சியில், செம்பி என்றொரு மலை அணில் குடியிருந்தாள்.

செம்பிக்கு இரண்டு பிள்ளைகள். ஒன்று இந்தக் கிளையில் இருந்தால் இன்னொன்று அடுத்த கிளையில் இருக்கும். ஒரு வாய் ஊட்டுவதற்குள் செம்பிக்கு மூச்சு வாங்கிவிடும். இவர்களை ஓர் இடத்தில் உட்கார வைப்பதற்காகத்தான் அவள் முதன்முதலில் படம் போட ஆரம்பித்தாள். மந்தார இலையை நிழலில் காய வைப்பாள். வால் நுனியை நனைத்து, ஓர் இலைக்கு ஒரு படம் போடுவாள். ஏழெட்டு இலைகளை அடுக்கி ஓரத்தில் நார் கோத்தால் ஒரு கதை ஆயிற்று. கறுப்புக்கு மூங்கில் கரி, சிவப்புக்குச் செம்மண், ஊதாவுக்கு நாவல் பழம். கை துடைக்கத் துணிக்கு எங்கே போவது? தன் முதுகிலும் வயிற்றிலுமே துடைத்துக்கொள்வாள். படம் முடியும்போது இலையில் இருப்பதைவிட அவள் மேல்தான் வண்ணம் அதிகமாக இருக்கும்.

பிள்ளைகள் என்னவோ வாயைத் திறந்தபடி படத்தையே பார்ப்பார்கள். திறந்த வாயில் பழத்தைப் போட வேண்டியதுதான் பாக்கி.

பக்கத்து மரத்தில் ஒரு பெரிய பொந்து. அதில் இருளாயி என்னும் இருவாச்சிப் பறவை முட்டையிட்டிருந்தாள். இருவாச்சிகளின் வழக்கம் தெரிந்ததுதானே? தாய் பொந்துக்குள் போய் உட்கார்ந்ததும் வாசலை மண்ணும் எச்சமும் குழைத்து அடைத்துவிடுவார்கள். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் இருக்கும். அப்பன் வீரணன் அந்தக் கீறல் வழியாகத்தான் தாய்க்கும் பிள்ளைக்கும் பழம் ஊட்டுவான். குஞ்சு பொரித்து, இறகு முளைத்து, வெளியே வரும் நாள் நெருங்கியது. குஞ்சின் பெயர் பேச்சி.

ஒரு நாள் காலையில் பொந்துக்குள் சண்டை நடப்பது செம்பியின் காதில் விழுந்தது.

"வாடி கண்ணு, வெளிய போகலாம். எம்புட்டு நாளைக்கு இதுக்குள்ளயே கெடப்ப?"

"நான் வரல. வெளிய என்னமோ கத்துது."

"அது குயிலுடி."

"குயிலுன்னா?"

"அது... கறுப்பா இருக்கும்."

"கறுப்புன்னா? இந்தப் பொந்து மாதிரியா?"

பொந்துக்குள்ளேயே பிறந்து பொந்துக்குள்ளேயே வளர்ந்த பிள்ளைக்கு எதைக் காட்டி எதைச் சொல்வது?

பழம் கொண்டுவந்த வீரணன் கீறலில் வாயை வைத்துக் கத்தினான். "இந்தா பாரு, இந்தப் பக்கம் அத்திப்பழம் இன்னும் பத்து நாளைக்குத்தான் தாங்கும். அப்புறம் மலைக்கு அந்தப் பக்கம் போயாகணும். அம்மாவும் மகளும் உள்ளயே உக்காந்திருந்தா நான் என்னத்தக் கொண்டாந்து ஊட்ட?"

உள்ளே பேச்சி அழுதாள். வெளியே வீரணன் கொண்டுவந்த பழத்தைக் கீறல் வழியாக உள்ளே தள்ளினான். பிறகு பறந்து போனான்.

செம்பிக்கு மனசு கேட்கவில்லை. கிளை தாவிப் போய்க் கீறலருகே உட்கார்ந்தாள்.

"மதினி, நான் வேணா படம் போட்டுத் தரட்டா?"

"தாயே, நீ போட்டுக் குடு. சொல்லிச் சொல்லி என் வாய் ஓஞ்சு போச்சு" என்றாள் இருளாயி.

அன்றே செம்பி குயிலைப் போட்டாள், மரத்தைப் போட்டாள், ஆற்றைப் போட்டாள். கீறலில் நுழைய வேண்டுமே என்று இலையில் தண்ணீர் தெளித்துப் பதமாக்கி, சுருட்டு போலச் சுருட்டி உள்ளே தள்ளினாள். தள்ளிவிட்டுக் காதைக் கொடுத்துக் காத்திருந்தாள்.

"என்ன தெரியுது பேச்சி?"

"ஒண்ணும் தெரியல அத்தை. இலை தெரியுது."

செம்பிக்கு முகம் சுருங்கிவிட்டது. பிறகு யோசித்துப் பார்த்தாள். உள்ளே இருப்பது ஒரு கீறல் வெளிச்சம். அதில் கரியும் ஊதாவும் எங்கே தெரியும்? தன் வீட்டில் நல்ல வெயிலில் போட்ட படத்தை இருட்டில் இருக்கிற பிள்ளையிடம் கொடுத்தது யார் தப்பு? வேறு வண்ணம் தேடிக் கிளம்பினாள். ஓடைக்கரையில் காட்டு மஞ்சள் கிழங்கு கிடைத்தது. நசுக்கிப் பிழிந்து, மூங்கில் குப்பியில் ஊற்றி, வாலைத் தோய்த்து ஒரே ஒரு குஞ்சுப் பறவையைப் போட்டு உள்ளே தள்ளினாள்.

உள்ளே இலை சரசரத்தது. அப்புறம் ஒரு சிரிப்பு.

"அத்தை, இது யாரு?"

"நீதான்."

"நான் இம்புட்டு அழகாவா இருக்கேன்?"

இப்படித்தான் பேச்சியின் புத்தகம் ஆரம்பமாயிற்று. தினம் ஒரு கதை, கதைக்கு நாலைந்து இலை. மஞ்சள் பேச்சி மரத்தில் உட்கார்ந்தாள், ஆற்றில் தண்ணீர் குடித்தாள், குரங்கின் வாலைப் பிடித்து இழுத்தாள். இலை உள்ளே போனதும் செம்பி வெளியே உட்கார்ந்து கதையைச் சொல்வாள். பிள்ளை படத்தைப் பார்க்கும் முகம் அவளுக்குத் தெரியாது. சிரிப்பும் கேள்வியும் மட்டும் கீறல் வழியாக வரும். எந்த இடத்தில் சிரிப்பு வருகிறது, எந்த இடத்தில் கொட்டாவி வருகிறது என்று குறித்து வைத்துக்கொள்வாள். கொட்டாவி வந்த இலையை மறுநாள் வேறு மாதிரி போடுவாள்.

செம்பியின் பிள்ளைகளுக்கு உடம்பு சரியில்லாத ஒரு நாள், இலைகளைக் கொண்டு சேர்க்கும் வேலை வீரணன் தலையில் விழுந்தது.

"பழம் தூக்கியே அலகு தேயுது. இதுல புத்தகம் வேறயா?" என்று முனகிக்கொண்டே எடுத்துப் போனான். கடைசி இலையை முதலிலும் முதல் இலையைக் கடைசியிலும் கொடுத்துவிட்டான்.

பேச்சி விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்பா, நான் தண்ணியக் குடிச்சிட்டு அப்புறமா ஆத்தத் தேடிப் போறேன் பாருங்க!"

தன் மகள் சிரித்து வீரணன் கேட்பது அதுதான் முதல் தடவை. அதற்கப்புறம் அவன் முனகவே இல்லை.

எல்லாவற்றிலும் பேச்சிக்குப் பிடித்தது மழைக் கதை. அதில் கடைசி இலைக்கு முன்னால் செம்பி நிறுத்துவாள்.

"சட சட சடன்னு மழை வந்துச்சாம். பேச்சி என்ன செஞ்சாளாம்?"

உள்ளேயிருந்து கத்தல் வரும்: "பொசுக்குன்னு பொந்துக்குள்ள பூந்தாளாம்!"

அதை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்லச் சொல்வாள். இருளாயிக்கே தூக்கத்தில் அந்த வரி வந்தது.

எட்டாம் நாள் பேச்சி சொன்னாள்: "அம்மா, நாளைக் கழிச்சு நான் வெளிய வரேன். ஆத்தப் பாக்கணும்."

இருளாயி செம்பியைக் கூப்பிட்டாள். "செம்பி, எல்லாம் போட்டுட்ட. ராஜாளிய மட்டும் போடலியே. அந்தக் கழுகு எங்க குஞ்சுகளத்தான மொதல்ல தூக்கும்? பிள்ளைக்கு அதையும் காட்டிடு."

செம்பி இலையை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு பாடுபட்டுப் பிள்ளைக்கு ஆசை வந்திருக்கிறது! இப்போது போய் அகலச் சிறகும் கொக்கி அலகுமாக ஒன்றைக் காட்டினால் திரும்ப உள்ளேயே முடங்கிவிடாதா? மனசு வரவில்லை. இலையின் ஓரத்தில், ஓர் அத்திப்பழத்தின் பக்கத்தில், அத்திப்பழம் அளவுக்கே ஒரு ராஜாளியைப் போட்டாள். காட்டினதும் ஆயிற்று, பயமும் இல்லை என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டாள்.

"இதுதான் ராஜாளி, பேச்சி. இதக் கண்டா ஒளிஞ்சுக்கணும்."

"இதக் கண்டா?" பேச்சி சிரித்தாள். "இத நான் ஒரே வாயில முழுங்கிருவேனே!"

இருளாயியும் அந்த அரைகுறை வெளிச்சத்தில் மஞ்சளாக ஏதோ ஒன்றைத்தான் பார்த்தாள். அளவு அவள் கண்ணில் படவில்லை.

பத்தாம் நாள் காலையில் வீரணன் வெளியே இருந்து கொத்த, இருளாயி உள்ளே இருந்து கொத்த, வாசல் மண் பொலபொலவென்று உதிர்ந்தது. முதலில் இருளாயி வந்தாள். இத்தனை நாள் உட்கார்ந்தே இருந்ததில் சிறகு மரத்துப் போய்த் தடுமாறி, கீழ்க்கிளையில் போய்த்தான் உட்கார முடிந்தது. அடுத்து பேச்சி வந்தாள். வாசலருகே கிளையில் கால் வைத்துக் கண்ணைக் கொட்டிக் கொட்டிப் பார்த்தாள்.

"அத்தை! மரம் நீங்க போட்ட மாதிரியே இருக்கு!"

எதிர்க்கிளையில் வண்ணக் குப்பியை அணைத்தபடி உட்கார்ந்திருந்த செம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த முகத்தை அவள் அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறாள். இவ்வளவு பெரிய கண்ணா இந்தப் பிள்ளைக்கு!

வெளியே வந்த மகளுக்கு முதல் பழம் கொண்டுவர வீரணன் பறந்து போனான். பேச்சி வானத்தைப் பார்த்தாள்.

"அத்தை, அங்க பாருங்க, ராஜாளி! நீங்க போட்ட அதே அளவு!"

செம்பி திரும்பினாள். மலை முகட்டுக்கு மேலே, தூரத்தில், அத்திப்பழம் அளவுக்கு ஒரு புள்ளி.

"பேச்சி, உள்ள போ!"

"எதுக்கு? குட்டியூண்டுதான இருக்கு."

"போடி உள்ள! அது பெருசு! கொன்னுரும்!" கீழ்க்கிளையிலிருந்து இருளாயி அலறினாள்.

"இல்லம்மா, படத்துல பாத்தேனே."

பேச்சி அசையவில்லை. பிறந்ததிலிருந்து அவளுக்கு எதையும் காட்டியது அந்த இலைகள்தான். அதில் பார்த்ததை விட்டுவிட்டு யார் கத்தலை நம்புவாள்? புள்ளி நாவல் பழக் கொத்து அளவாயிற்று. பலாக்காய் அளவாயிற்று. இருளாயி எழும்பப் பார்த்தாள், சிறகு ஒத்துழைக்கவில்லை. செம்பியால் அதற்குள் கிளை தாவிப் போய்ச் சேர முடியாது.

"அத்தை, அது ஏன் பெருசாயிக்கிட்டே வருது?"

வேறு என்ன சொன்னால் இந்தப் பிள்ளை கேட்கும்? செம்பி சட்டென்று குரலை மாற்றினாள். கீறலருகே உட்கார்ந்து சொல்வாளே, அந்தக் குரல்.

"சட சட சடன்னு மழை வந்துச்சாம்! பேச்சி என்ன செஞ்சாளாம்?"

யோசிக்கவே இல்லை பிள்ளை. "பொசுக்குன்னு பொந்துக்குள்ள பூந்தாளாம்!" என்று கத்திக்கொண்டே தலைகீழாக உள்ளே பாய்ந்தாள்.

அடுத்த கணம் ராஜாளியின் நகம் வாசல் விளிம்பில் கீறியது. மண் தெறித்தது, காற்று விசிறியது. கிடைத்தது ஒரே ஓர் இறகு. அதை எடுத்துக்கொண்டு அது போயே விட்டது.

செம்பி பொந்து வாசலுக்கு வந்து உட்கார்ந்து அழுதாள்.

"மதினி, என்னை மன்னிச்சிருங்க. பிள்ளை பயந்திரக் கூடாதுன்னு நான்தான் சின்னதாப் போட்டேன். என் படத்த நம்பித்தான் அவ நின்னா."

இருளாயி தத்தித் தத்தி மேலே ஏறி வந்திருந்தாள். "தப்புதான் செம்பி. இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனா என் பிள்ளை வெளிய வந்ததும் உன்னாலதான், உள்ள போனதும் உன்னாலதான். நான் கத்துனேன், கேக்கல. நீ கதை சொன்ன, கேட்டா. அழுதது போதும், போய்ச் சரியாப் போட்டுக் கொண்டா."

செம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். ராஜாளி ஓர் இலையில் அடங்கவில்லை. இரண்டு இலைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தைத்தாள். ஒரு சிறகு இந்த இலையில், இன்னொரு சிறகு அந்த இலையில். நகத்துக்குக் கீழே, முன்பு போட்ட அதே அளவுக்கு ஓர் அத்திப்பழம். இந்தத் தடவை பிள்ளையின் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே காட்டினாள். பேச்சி கண்ணை அகல விரித்தாள். அம்மாவின் சிறகுக்குள் நுழைந்தாள். கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்து, "இன்னொரு தடவை காட்டுங்க அத்தை" என்றாள்.

அன்று சாயங்காலமே அவள் வெளியே வந்தாள். முதலில் வானத்தை நாலு பக்கமும் பார்த்தாள். அப்புறம்தான் சிறகை விரித்தாள்.

மலைக்கு அந்தப் பக்கம் கிளம்பும் நாளில் இருளாயி செம்பியிடம் கேட்டாள். "உனக்கு நான் என்ன செய்யட்டும், சொல்லு. பழம் கொண்டாரட்டா? கூடு கட்டச் சுள்ளி கொண்டாரட்டா?"

"எனக்கு எதுக்கு மதினி? நானே அத்தி மரத்துலதான் குடியிருக்கேன்" என்று சிரித்தாள் செம்பி. மூங்கில் குப்பியை எடுத்து நீட்டினாள். "இத நீங்க கொண்டு போங்க. அடுத்த வருசம் எந்தக் காட்டுல, எந்தப் பொந்துல இருப்பீங்களோ? அங்க பக்கத்துல நான் இருக்க மாட்டேன். உங்க அலகு இருக்கே, என் வால விட நல்லா இழுக்கும். உள்ள சுவத்துலயே போட்டுக் காட்டுங்க."

"எனக்கு வருமா?"

"மொதல்ல கோணலா வரும். பிள்ளைங்க கண்டுக்க மாட்டாங்க."

குப்பியைத் தூக்கிக்கொண்டு மலை தாண்ட முடியுமா? இருளாயி மஞ்சளை வாலடியில் இறகுகளுக்கு நடுவே இருந்த ஒரு சின்னக் குழியில் பத்திரமாக வாங்கி வைத்துக்கொண்டாள். பிறகு தலையைத் திருப்பி, அலகை அதில் தொட்டு, நீளமாகத் தேய்த்துக்கொண்டாள். சாம்பல் பூத்துக் கிடந்த அலகு பளிச்சென்று ஆயிற்று.

"செம்பி, தினமும் காலையில எந்திரிச்சு இத ஒரு தடவை பூசிக்குவேன். பாக்குறவங்க, எங்கிருந்து வந்துச்சு இந்த மஞ்சள்னு கேக்கட்டும். உன் பேரச் சொல்றேன்."

"எனக்கும் கொஞ்சம்" என்று பின்னாலிருந்து வீரணன் கழுத்தை நீட்டினான்.

"உங்களுக்கு எதுக்கு? நீங்க கடைசி இலைய மொதல்ல குடுக்குற ஆளு" என்றாள் இருளாயி. சொன்னாளே தவிர, அவன் அலகின் மேலே நிற்கும் கொம்பிலும் அலகிலும் அவளேதான் பூசிவிட்டாள்.

அன்று முதல்தான் இருவாச்சி தன் வாலடியில் மஞ்சளைச் சுமந்துகொண்டு திரிகிறது. காலையில் கழுத்தை வளைத்து அதைத் தொட்டு அலகில் பூசிக்கொண்ட பிறகுதான் முதல் பழத்தைத் தேடிப் பறக்கிறது.